ஆயுத பூஜையில் தொலைந்த வழி

எங்கள் ஆஸ்பத்திரி மேனேஜரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. போன வருஷம் ஆயுத பூஜைக்கு நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள்.

பெரம்பலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. கம்ப்யூட்டர், நெட்வொர்க் எல்லாவற்றுக்கும் நான் ஒருத்திதான். அரியலூரில் எங்களுக்கு ஒரு கிளை. அங்கே எடுக்கிற ரத்தம் இங்கே லேபுக்கு வரும். ரிசல்ட் இங்குள்ள சர்வரிலிருந்து அங்குள்ள சர்வருக்குப் போகும். இரண்டும் வேறு வேறு சப்நெட், அதாவது வேறு வேறு தெரு. ஒரு சர்வருக்குத் தன் தெருவில் இருக்கிற வீடுகள் மட்டும்தான் தெரியும். அடுத்த தெருவுக்கு எந்த ரவுட்டர் வழியாகப் போகவேண்டும் என்பதை நாம்தான் சொல்லித் தரவேண்டும். அதற்குப் பெயர் ரூட்.

அந்த ரூட்டைப் போட்டவர் திருச்சியிலிருந்து வரும் கன்சல்டன்ட் சார். ஒரு வரி அடித்தார், ரிசல்ட் போனது, காபி குடிக்க எழுந்துவிட்டார். அப்படி அடித்தால் சர்வர் ஓடுகிற வரைக்கும்தான் அதற்கு ஞாபகம் இருக்கும். அணைத்துப் போட்டால் மறந்துவிடும். நிரந்தரமாக வைக்க ஒரு சின்னக் குறியைச் சேர்த்து அடிக்கவேண்டும், அவ்வளவுதான்.

"சார், பர்மனென்ட்டா போட்டுடலாமா?" என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரி சர்வரை எவன்மா ஆஃப் பண்ணுவான்? ஓடறத நோண்டாத," என்றார்.

நானும் வாயை மூடிக்கொண்டேன். என் மேலேயே எனக்குக் கோபம் வருவது அந்த இடத்தில்தான்.

ஆஃப் பண்ண ஆள் இருந்தார், வேறு யார், எங்கள் மேனேஜர். ஆயுத பூஜை சாயங்காலம் எல்லா மிஷினும் ஒரு மணி நேரமாவது ஓயவேண்டும் என்பது அவர் சட்டம். நோயாளிகளுக்கு மாட்டியிருந்ததை மட்டும் விட்டுவைத்தார்கள். சர்வர் ரூமைத் துடைக்கச் சொல்லித் துப்புரவு அக்காவை அனுப்பியதும் அவர்தான், தன் கையால் சர்வரை அணைத்ததும் அவர்தான். சந்தனம், குங்குமம், மேலே ஒரு முழம் சாமந்தி. ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பப் போட்டிருக்கிறார்கள். நான் லீவில், பாடாலூரில் எங்கள் வீட்டில், என் ஸ்கூட்டிக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை அரியலூரிலிருந்து போன். ஒரு ரிசல்ட்டும் வரவில்லை. நான் போய்ச் சேர்வதற்குள் மேனேஜர் தீர்ப்பே எழுதிவிட்டார். ஓபி சீட்டு போடும் இடம், டோக்கனோடு அத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் அக்காவை நிற்க வைத்துக் கத்திக்கொண்டிருந்தார்.

"ஈரத்துணிய வெச்சு ஒயரப் புடுங்கி வெச்சிருக்க. அறிவு இருக்கா ஒனக்கு? நாளையிலேருந்து வராத, போ!"

"நான் ஒயரத் தொடவே இல்லைங்க சார்," என்றார் அக்கா. ஆறு வருஷமாக அங்கே வேலை பார்ப்பவர். அந்தச் சம்பளத்தை நம்பித்தான் மகள் நர்சிங் படிக்கிறாள். மேனேஜர் காதிலேயே வாங்கவில்லை. அக்கா பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் ஒயரைப் பார்த்தேன். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. சர்வரைத் திறந்து பார்க்கிறேன் என்றால், "இங்க என்னன்னுதான் தெரிஞ்சுபோச்சே, நீ அரியலூர் போய்ப் பாரு," என்று விரட்டினார். பஸ் முழுக்க எனக்குள் புகைந்துகொண்டே இருந்தது. முன்னால் வரிசையாக சிமெண்ட் லாரி, வண்டி நகரவே இல்லை. அரியலூர் சர்வரில் ஒரு குறையும் கிடையாது.

மத்தியானம் திரும்பி வந்து, யாரையும் கேட்காமல் எங்கள் சர்வரைத் திறந்தேன். ரூட் பட்டியலில் அந்த ஒரு வரி இல்லை. அணைத்தபோது போயிருக்கிறது. குறியையும் சேர்த்து அடித்தேன். கிடந்த ரிசல்ட்டெல்லாம் கடகடவென்று அரியலூருக்குப் போனது.

கன்சல்டன்ட் சாருக்குப் போன் போட்டு, அக்காவை அனுப்பியது வரைக்கும் சொன்னேன்.

"ரிப்போர்ட்ல கேபிள் லூஸ்னு எழுதிடும்மா. அந்தம்மாவத்தான் அனுப்பிட்டாங்கள்ல, இனிமே எதுக்குக் கிளறிக்கிட்டு?"

அடப்பாவி! ஒரு பொம்பளை பிழைப்பு போகிறது, இவருக்குக் கிளறுவதாக இருக்கிறது. போனை வைத்துவிட்டு நேராக மேனேஜர் அறைக்குப் போனேன். நீங்கள் அணைத்ததால் போனது, நாங்கள் சரியாகப் போடாததால் போனது, அக்காவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று மூச்சு விடாமல் சொன்னேன்.

"சரி விடும்மா, வரச் சொல்லு," என்றார். ஏதோ காபி வாங்கிவரச் சொல்கிற மாதிரி.

அக்காவுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொல்லி, வரச் சொன்னேன்.

"திட்டுனது அத்தன பேரு முன்னாடி. கூப்புடறது மட்டும் போன்லயா பாப்பா? அதே எடத்துல நின்னு, என் மேல தப்பில்லன்னு அவரு வாயால சொல்லட்டும். வரேன்."

மறுநாள் காலை வந்தார். ஓபி சீட்டு கவுண்டர் பக்கத்தில், துவைத்து மடித்த யூனிஃபாரத்தோடு நின்றார். மேனேஜர் வந்தார், பார்த்தார்.

"என்ன நின்னுக்கிட்டு? போய் வேலையப் பாரு."

"சொல்லுங்க சார்," என்றார் அக்கா.

அந்த ஆள் போனை எடுத்து நோண்ட ஆரம்பித்தார். எனக்குத் தாங்கவில்லை. "அக்கா மேல தப்பு இல்லைங்க! தப்பு எங்களுதுங்க!" என்று கத்திவிட்டேன். மொத்தக் கூட்டமும் திரும்பிப் பார்த்தது.

அக்கா என் கையைப் பிடித்தார். "நீ ஏன் பாப்பா சொல்ற? நீயா என்னயத் திட்டுன?"

மேனேஜர் நிமிரவே இல்லை. அக்கா யூனிஃபாரத்தை கவுண்டர் மேல் வைத்தார், செருப்பை மாட்டினார், படியிறங்கிப் போய்விட்டார்.

அதற்கப்புறம்தான் மேனேஜர் வாயைத் திறந்தார். "அப்ப இன்னிக்கு யாரு கூட்டறது?"

"வெளக்கமாறு கதவுக்குப் பின்னாடி இருக்கு சார்," என்றேன்.