கல்யாண அண்ணன் வெட்டி ஒட்டிய கொலைக் காட்சி

பதினெட்டு வருஷமாகக் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டியே காலம் தள்ளியவர் அவர். அதனால் கம்பெனியில் வாட்ச்மேன் முதல் முதலாளி வரைக்கும் அவர் கல்யாண அண்ணன்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருந்தது.

கம்பெனி மூன்று மாடிக் கட்டடம். கீழே போட்டோ பிரிண்ட் போட்டு லேமினேஷன் செய்து கொடுக்கும் கடை. நடுமாடியில் கல்யாணப் பிரிவு. மேல்மாடியில் டிவி சீரியல் எடிட்டிங். நடுமாடிக்காரர்கள் மேலே போவதென்றால் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிய வேண்டும், வேறு காரணம் கிடையாது.

அண்ணனுக்கு வேலையில் ஒரு நியதி உண்டு. ஒரு சொந்தக்காரர் முகம்கூட விட்டுப்போகக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கல்யாணத்தில் பெண்ணின் சித்தப்பா ஒருவரை விட்டுவிட்டார். மனிதர் பந்தியில் ஓடியாடிப் பரிமாறியவர். வீடியோவில் அவருடைய முழங்கை மட்டும்தான் வந்திருந்தது. அந்த முழங்கையால் இரண்டு குடும்பமும் ஆறு மாதம் பேசிக்கொள்ளவில்லை. சித்தப்பா கடைக்கே வந்து, கத்தவுமில்லை திட்டவுமில்லை, "நான் அங்க இருந்தேன் தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வார்த்தை அண்ணனுடைய நெஞ்சில் தைத்துவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு கல்யாணத்திலும் தலை எண்ணுவார். ஆள் யாரென்றே தெரியாவிட்டாலும் முகம் இருந்தால் சேர்த்துவிடுவார். வயதானவர்கள் என்றால் இன்னும் இரண்டு விநாடி கூடுதலாக நிறுத்துவார். அவர்களுக்குத் தங்களைக் கண்டுபிடிக்க நேரமாகும் அல்லவா? அவர்கள் முகம் வரும்போது பாட்டையும் தணித்துவிடுவார். பெரியவர்கள் முன்னால் சத்தம் போட்டுப் பேசுவோமா, அதுபோல.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் முதலாளி கூப்பிட்டு, நடுமாடியை மூடப் போவதாகச் சொன்னார். மேல்மாடியில் ஒரே ஒரு நாற்காலி காலி. யார் வேண்டுமானாலும் பரீட்சை எழுதலாம். தேறினால் மேலே. தேறாவிட்டால் கீழே, லேமினேஷன் மேசை.

"லேமினேஷனும் நல்ல வேலைதானுங்களே" என்றார் அண்ணன், எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாமல்.

"நல்ல வேலைதான். ஆனா உன் கண்ணு அங்க வீணாப் போயிடும். பரீட்சையைப் பண்ணிப் பாரேன்."

சொல்லிவிட்டு வந்தாரே தவிர, வெட்டி ஒட்டாமல் ஒரு நாள் எப்படிப் போகும் என்று அவருக்குக் கற்பனைகூடப் பண்ண முடியவில்லை. சூடான இயந்திரத்தில் அடுத்தவர் முகத்தைப் பிளாஸ்டிக்குக்குள் வைத்து அழுத்திக்கொண்டே இருப்பதை நினைத்துப் பார்த்துவிட்டு, உடனே பரீட்சைக்குப் பெயரைக் கொடுத்துவிட்டார்.

பரீட்சை இதுதான். அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைத் திகில் படம் ஒன்று, ஊரெல்லாம் பார்த்து நடுங்கிய படம், அதன் உரிமை இப்போது கம்பெனியிடம் இருந்தது. அதில் ஒரு காட்சிக்காக எடுத்த துண்டுகள் அத்தனையையும், படத்தில் சேர்க்காமல் ஒதுக்கியவை உட்பட, ஒலியை நீக்கிவிட்டுக் கொடுப்பார்கள். இருபத்து மூன்று துண்டு. அதைப் புதிதாக வெட்டி ஒட்டி, புதிதாக இசை போட்டு, நான்கு நிமிஷத்துக்குள் பார்ப்பவர்களைப் பயமுறுத்த வேண்டும். ஒரு வாரம் அவகாசம்.

பரீட்சை எழுதிய எட்டுப் பேரில் அந்தப் படத்தைப் பார்க்காதவர் அண்ணன் ஒருவர்தான். அவருக்குக் கொலை, ரத்தம் எல்லாம் ஆகாது. காலையில் ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் பிரார்த்தனைப் பாட்டுப் பாடினால்தான் அவருக்குப் பொழுதே விடியும். கடவுள் புண்ணியத்தில் இத்தனை வருஷமும் சிரித்த முகங்களையே பார்த்துப் பிழைப்பு ஓடியது. இப்போது இப்படி ஒரு சோதனை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துண்டுகளை வீட்டுக் கணினியில் போட்டுப் பார்த்தார். மாடி அறையில் இளம்பெண் ஒருத்தி கடிதம் எழுதுகிறாள். வெளியே மழை. கோட்டுப் போட்ட ஒருவன் நனைந்துபோய் வாசல் கதவைத் திறக்கிறான். பையில் கையை விட்டபடி படியேறுகிறான். பெண் தலையைத் தூக்குகிறாள். கதவுக் குமிழ் திரும்புகிறது. அவ்வளவுதான்.

"இவன் யாரு?" என்று மனைவியைக் கேட்டார்.

மனைவி காய் நறுக்கிய கத்தியோடு வந்து பின்னால் நின்றாள். "எனக்கென்னங்க தெரியும்? நனைஞ்சு வந்திருக்கான், துண்டு எடுத்துக் குடுக்க ஒரு ஆளு இல்ல. ஆனா எனக்கு அந்தப் பொண்ணு மேலதான் சந்தேகம்."

"அவ பாட்டுக்கு எழுதிட்டு இருக்கா."

"அதான் சொல்றேன். மழை பெய்யுது, கொடியில துணி கிடக்குமே, எடுக்க வேணாமா? உக்காந்து எழுதறாளாம் எழுத்து!"

மச்சினன் சாப்பிட வந்திருந்தான். வேன் ஓட்டுகிறவன். அந்தப் படத்தை மூன்று தடவை பார்த்ததாகச் சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"மாமா, இதெல்லாம் ஒரு கேள்வியா? கோட்டுக்காரன்தான் கொலைகாரன். பையில கத்தி இருக்கும் பாருங்க."

"கத்தியைக் காட்டவே இல்லையேப்பா."

"கடைசியில காட்டுவான். இருங்க இருங்க, இல்ல, இவன் போலீஸு. கொலைகாரன் அறைக்குள்ள ஒளிஞ்சிருக்கான். இவன் காப்பாத்த வர்றான்."

"ஒளிஞ்சிருக்கிறவன் எந்தத் துண்டுலயும் இல்லையே."

மச்சினன் தலையைச் சொறிந்தான். "அப்போ இவன் அவ புருஷனா இருக்கணும். ஆமா, புருஷன்தான். ஊருக்குப் போய்ட்டு வர்றான்."

"மூணு தடவை பார்த்த லட்சணமா இது? தூங்கிட்டு வந்தியா?" என்றாள் மனைவி.

"இல்லக்கா, மூணு தடவையும் இந்த இடம் வந்தா கண்ணை மூடிக்குவேன்."

அண்ணனுக்குக் குழப்பம் மூன்று மடங்காயிற்று. கொலைகாரன் என்றால் ஒரு மாதிரி வெட்டலாம். காப்பாற்ற வருகிறவன் என்றால் வேறு மாதிரி. புருஷன் என்றால் அவருக்குப் பழக்கமான வேலை, முதலிரவு வாழ்த்துப் பாட்டே போதும். ஆள் யாரென்று தெரியாமல் அவனை எந்தப் பக்கம் உட்கார வைப்பது? பெண் வீடா, மாப்பிள்ளை வீடா என்று தெரியாத விருந்தாளியைக் கையில் பிடித்துக்கொண்டு மண்டப வாசலில் நிற்பது போல இருந்தது.

இசையும் அதே கதைதான். அவரிடம் இருந்ததெல்லாம் கல்யாண இசை. விருந்தினர் வருகை இசையைப் போட்டார். கோட்டுக்காரன் மொய்க் கவரோடு வரும் தாய்மாமன் மாதிரி ஆகிவிட்டான். மச்சினன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பெண்ணை அனுப்பிவைக்கும் புல்லாங்குழலைப் போட்டார். மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது, பயம் மட்டும் வரவில்லை.

கடைசியில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, தன் ஆர்மோனியத்தில் ஒரே ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தார். பாடத் தொடங்குமுன் சுதி சேர்ப்பதற்காகத் தினமும் பிடிக்கிற கட்டைதான். அந்த ஓசை நான்கு நிமிஷமும் ஓடட்டும், கடவுள் விட்ட வழி என்று பதிவு செய்துகொண்டார்.

அப்போதுதான் அந்த அம்மாளைக் கவனித்தார்.

மூன்று துண்டுகளில் இருந்தாள். வயதானவள். படியின் திருப்பத்தில், கையில் மடித்த துணிகளோடு நின்றிருந்தாள். இன்னொன்றில் படிக்குக் கீழே. மூன்றாவது, காட்சி தொடங்குவதற்கு முன்னாலேயே கேமரா ஓடிப் பதிவாகிவிட்ட மிச்சத் துண்டு; அதில் நேராகக் கேமராவைப் பார்த்தபடி, யாரோ 'ஆரம்பி' என்று சொல்லக் காத்திருப்பது போல அசையாமல் நின்றிருந்தாள்.

"அடடா, இவங்களை இவ்வளவு நேரம் பார்க்கலையே! பொண்ணுக்குப் பெரியம்மாவா இருக்கும்" என்றார். கொலை, கோட்டு, குமிழ் எதிலும் ஒன்றும் விளங்கவில்லை. இது ஒன்றுதான் விளங்கியது. வீட்டுப் பெரிய மனுஷி, விட்டால் வருத்தப்படுவாள். மூன்று துண்டையும் சேர்த்தார். கோட்டுக்காரன் ஏறும்போது ஒரு தடவை, பெண் தலையைத் தூக்கும்போது ஒரு தடவை, குமிழ் திரும்புவதற்கு முன்னால் அந்த நேர்ப்பார்வை. வழக்கம்போல அவள் முகத்தில் இரண்டு விநாடி கூடுதலாக நிறுத்தினார். வழக்கம்போல அவள் வரும்போதெல்லாம் ஓசையை அப்படியே தணித்துவிட்டார்.

மனைவி சமையலறையில் இருந்தாள். மச்சினன் போய்விட்டான். யாருக்கும் போட்டுக் காட்டவில்லை. தேறாது என்று அவருக்கே தெரிந்திருந்தது. திங்களன்று கொடுத்துவிட்டு, கீழே போய் லேமினேஷன் இயந்திரத்தை எப்படிச் சூடாக்குவது என்று கேட்டுக்கூட வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மேல்மாடி அழைத்தது. சீரியல் பிரிவின் தலைமை எடிட்டர் ஓர் அம்மா. கண்டிப்பானவர், எதிரில் இருப்பவரை 'சார்' போட்டே திட்டுவார். திரைச்சீலை இழுத்துவிட்ட அறையில் எட்டுப் பேருடைய வேலையும் ஒவ்வொன்றாக ஓடியது. ஏழு பேரும் இடி இடிக்க, வயலின் கீச்சிட, கத்திப் பளபளப்பெல்லாம் எங்கிருந்தோ கொண்டுவந்து ஒட்டியிருந்தார்கள். தலைமை அம்மா கொட்டாவி விட்டுக் கையால் மறைத்துக்கொண்டார்.

எட்டாவது அண்ணனுடையது. ஒற்றைக் கட்டை ஓசை. மழை. கோட்டுக்காரன் ஏறினான். ஓசை தணிந்தது, அந்த அம்மாள் முகம். மறுபடி ஓசை. பெண் நிமிர்ந்தாள். ஓசை தணிந்தது, அந்த அம்மாள். யாரோ நாற்காலியை நகர்த்தி உட்கார்ந்தார்கள். மூன்றாம் தடவை ஓசை மொத்தமாக அடங்கி, அவள் நேராகப் பார்த்தபோது, தலைமை அம்மா "ஐயோ!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

விளக்குப் போட்டார்கள். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார்.

"சார், அந்தம்மா யாரு?"

"பொண்ணுக்குப் பெரியம்மா இல்லீங்களா?"

"பெரியம்மாவா? அவங்க சும்மா துணி மடிச்சு வைக்கிற வேலைக்காரம்மா சார். படத்துல ஒரு இடத்துல அரை நிமிஷம்கூட வரமாட்டாங்க. கதைக்கும் அவங்களுக்கும் சம்பந்தமே இல்ல. அவங்களைப் போய் மூணு தடவை நிறுத்தி, மியூசிக்கையும் நிறுத்தி... எனக்குக் கை எல்லாம் புல்லரிச்சுப் போச்சு. பாருங்க!"

கையை நீட்டிக் காட்டினார். அண்ணனுக்கு முகம் சிறுத்துவிட்டது. ஒரு பாவமும் அறியாத அம்மாள். துணி மடித்தவள். அவள் மேல் கொலைப்பழி விழுந்தது போல ஆகிவிட்டதே! பதினெட்டு வருஷத்தில் உம்மென்று இருந்த எத்தனையோ சம்பந்திகளைச் சிரித்த முகமாக்கியிருக்கிறார். நல்ல முகம் ஒன்றைக் கெட்டதாக்கியது இதுதான் முதல் தடவை.

பேசாமல் இருந்திருந்தால் போதும். நாற்காலி அவருக்குத்தான். அது அவருக்கும் தெரிந்தது. ஆனால் தினமும் காலையில் உட்கார்ந்து பாடுகிறவருக்குப் உண்மையை விழுங்குவது சிரமம்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். நான் தெரிஞ்சு செய்யலீங்க. பயமுறுத்தணும்னு அவங்களைப் போடல. சொந்தக்காரங்க விட்டுப் போகக்கூடாதேன்னு போட்டேன். பெரியவங்க வந்தா சத்தத்தைக் குறைக்கிறது என் வழக்கம். அது மரியாதைக்குங்க. பயமா இருக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாது. வேணும்னா அவங்களை எடுத்துட்டு வேற மாதிரி செஞ்சு தரேன். அப்போ நல்லா இருக்காது, அதுவும் சொல்லிடறேன்."

அறையில் ஒருவர் களுக்கென்று சிரித்தார். தலைமை அம்மா சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"தெரிஞ்சு செஞ்சவங்க ஏழு பேரு சார். எனக்குத் தூக்கம்தான் வந்துச்சு. திங்கக்கிழமை மேல வந்துடுங்க."

அண்ணனுக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை. ஒரு வாரமாக அரித்துக்கொண்டிருந்ததுதான் வாயில் வந்தது.

"அந்தக் கோட்டுக்காரர் யாருங்க? நல்லவரா, கெட்டவரா?"

தலைமை அம்மா திரும்பிக் காலியாக இருந்த திரையைப் பார்த்தார். "நாப்பது தடவை பார்த்த படம் சார் இது. நேத்து கேட்டிருந்தா பட்டுனு சொல்லியிருப்பேன். இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு."

மாடிப்படி இறங்கும்போதே மனைவிக்குப் போன் போட்டார்.

"கிடைச்சுதுங்களா?"

"கிடைச்சுது."

"கடவுளே! என்னங்க, குரல் ஏன் இப்படி இருக்கு? கிடைச்சுதுன்னு சந்தோஷமாச் சொல்லக்கூடாதா?"

"சந்தோஷம்தான். தெரியாம செஞ்சேன், அது நல்லா வந்துடுச்சாம். திங்கக்கிழமை தெரிஞ்சே போய் உக்காரணுமே. அப்போ எப்படிச் செய்யறது?"

"இருங்க, பால் பொங்குது" என்று மறுமுனையில் மனைவி அடுப்புக்கு ஓடினாள். நடுமாடித் திருப்பத்தில் போனைக் காதில் வைத்தபடியே, படத்தில் வந்த அந்த அம்மாள் மாதிரி, நேராகப் பார்த்தபடி அசையாமல் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். மேலே ஏறி வந்த லேமினேஷன் கடைக்காரர் அவருக்கு வழிவிட்டு ஒதுங்கி, பிறகு இன்னும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் வேகமாகவே ஏறிப் போனார்.