கொலிங்வூட் வெந்நீர்க் குளத்துக்கு மாமியும் நானும் போய் வந்த ஞாயிறு

இந்தப் பயணம் 1988 பெப்ரவரியில். அப்போது நாங்கள் றொறன்ரோ பார்க்டேலில் ஓர் அடுக்குமாடியில் இருந்தோம். என் மாமி, அதாவது கணவரின் அம்மா, திருகோணமலையிலிருந்து வந்து ஐந்து மாதம். முதல் குளிரிலேயே அவருக்கு வலத்தோள் இறுகிவிட்டது. கையை நெஞ்சுக்கு மேலே தூக்க முடியாது. சுடுதண்ணீரில் தோள் அமிழ இருக்கச் சொன்னார் டொக்டர். எங்கள் குளியல் தொட்டியில் முழங்கால் அமிழ்ந்தால் தோள் வெளியே நிற்கும்.

தையல் ஃபக்டரியில் பக்கத்து மெஷினில் இருந்த போர்த்துக்கீசப் பெண்தான் கொலிங்வூட்டைப் பற்றிச் சொன்னாள். பனிச்சறுக்கு மலை, அடிவாரத்தில் சின்ன ஊர், அங்கே ஒரு விடுதியில் திறந்தவெளி வெந்நீர்க் குளம். தங்காதவர்களும் ஐந்து டொலர் கொடுத்து இறங்கலாம். (மலையிலிருந்து ஊறுகிற சுனை அல்ல, காய்ச்சிய தண்ணீர்தான். தோளுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.)

கார் ஓட்ட வேண்டியவர் என் கணவர். காலை ஏழரைக்கு அவர் வேலைசெய்த உணவகத்திலிருந்து போன் வந்தது, ஆளில்லை, உடனே வா என்று. மாமி பாணும் மீன் கட்லட்டும் கட்டி வைத்துவிட்டு, கோட்டும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு கதவடியில் நின்றார். எனக்கு லைசென்ஸ் கிடைத்து ஒன்பது கிழமை. அதுவும் மூன்றாம் தடவையில் கிடைத்தது. நெடுஞ்சாலையில் தனியாக ஓடியதே இல்லை.

"நான் ஓடுறன்," என்றேன்.

கணவர் மாமியைப் பார்த்தார். "அடுத்த கிழமை போவம் பிள்ளை," என்றார் மாமி.

"அடுத்த கிழமையும் இவருக்கு வேலை வரும். வாங்கோ மாமி."

எட்டு இருபதுக்குப் புறப்பட்டோம். நெடுஞ்சாலை 400 வழியாகப் பரி நகரம் வரை சுமார் நூறு கிலோமீற்றர். நல்ல வெயில், காய்ந்த சாலை. மாமி பின் இருக்கையில் கண்ணை மூடியிருந்தார். நித்திரை இல்லை, உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன.

பரியைத் தாண்டி 26ஆம் சாலையில் திரும்பிக் கொஞ்சத் தூரம் போனதும், ஏரிப் பக்கமிருந்து காற்று பனியை வாரி அடித்தது. ஐந்தே நிமிடத்தில் முன்னால் போன காரைக் காணவில்லை. அடுத்து வந்த பெற்றோல் நிலையத்துக்குள் திருப்பி நிறுத்தினேன். இந்த மனுசியைக் கூட்டிக்கொண்டு வந்து எங்கேயாவது சாகப் போகிறேனோ என்றுதான் நினைத்தேன். கடைக்காரர், அரை மணியில் பனி தள்ளும் லொறி வரும், அதற்குப் பின்னால் நாற்பதில் போ, அவசரப்படாதே என்றார். திரும்பிப் போவதென்றாலும் அதே பனிதான் என்றும் சொன்னார்.

காருக்குத் திரும்பி வந்து பார்த்தால் மாமி முன் இருக்கையில் இருந்தார்.

"கரையில கரண்டுக் கம்பம் தெரியுது. நான் ஒவ்வொண்டாப் பாத்துச் சொல்லுறன். நீ லொறியை மட்டும் பார்," என்றார்.

அப்படித்தான் போனோம். லொறியின் நீல விளக்கு முன்னால், "கம்பம்... கம்பம்..." என்ற மாமியின் குரல் பக்கத்தில். நான் அதிகம் வலப்பக்கம் போனால் என் முழங்கையில் தட்டுவார். இருபது கிலோமீற்றருக்கு ஒரு மணி நேரம். ஊருக்குள் நுழைந்தபோது பனி விட்டு, மலை முழுசாகத் தெரிந்தது. மணி பன்னிரண்டு ஆக ஐந்து நிமிடம்.

விடுதியில் அடுத்த சிக்கல். மாமி குறுக்குக்கட்டோடு இறங்கத் தயாராக இருந்தார், ஊரில் கிணற்றடியில் கட்டுவதுபோல. நீளத் துணி பம்பில் இழுபடும் என்று கவுண்டரில் இருந்த பெண் மறுத்தாள். காற்சட்டையும் ரீசேட்டும் என்றால் பரவாயில்லையாம். கணவர் தனக்கென்று கட்டி வைத்த பை காரிலேயே கிடந்தது. ஐம்பத்தெட்டு வயதில், வாழ்க்கையில் முதல் முறையாக, மாமி மகனின் காற்சட்டையைப் போட்டார். கதவடியில் ஐந்து நிமிடம் நின்றார். வெளியே மைனஸ் பதினொன்று. ஒருவரும் எங்களைப் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினார். ஆம், ஓடினார்.

கழுத்துவரை சுடுதண்ணீர், தலைமயிரில் உறைபனி, எதிரே மலையில் புள்ளி புள்ளியாகச் சறுக்கி வருகிற ஆட்கள். கால் மணி நேரம் மாமி தோளை அமிழ்த்தியபடியே இருந்தார். பிறகு வலக்கை மெல்லத் தண்ணீருக்கு மேலே வந்தது. தோள்மட்டம். காதுமட்டம். உச்சந்தலைக்கு மேலே போனதும் விரல்களை விரித்து ஆட்டினார்.

"இஞ்ச பார்," என்றார். அவ்வளவுதான். எனக்குத்தான் அழுகை வந்தது.

மறுநாள் தோள் திரும்பவும் இறுகியது, ஆனால் முந்தின அளவுக்கு இல்லை. மார்ச் முடிவதற்குள் இன்னும் நான்கு தடவை போனோம். ஒவ்வொரு தடவையும் நான்தான் ஓடினேன். கணவர் பின் இருக்கையில்.

போக நினைப்பவர்களுக்கு: பார்க்டேலில் இருந்து சுமார் நூற்றைம்பத்தைந்து கிலோமீற்றர், நல்ல நாளில் இரண்டு மணி நேரம். எங்களுக்குப் போக வர அரைத் தாங்கி பெற்றோல் போதுமாக இருந்தது. குளிர்காலத்தில் காலையில் வானொலியில் சாலை நிலவரம் கேளுங்கள்; இரண்டரைக்கு முன் அங்கிருந்து புறப்பட்டுவிடுங்கள். ஒரு தடவையில் இருபது நிமிடத்துக்கு மேல் தண்ணீரில் இருக்க வேண்டாம், தலை சுற்றும். தண்ணீர்ப் போத்தலும் கம்பளித் தொப்பியும் அவசியம்.

அந்த ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்ததும், மாமி கோட்டைக்கூடக் கழற்றாமல் ஸ்காபரோவில் இருந்த தன் தங்கைக்குப் போன் எடுத்தார். மலையைப் பற்றியும் குளத்தைப் பற்றியும் பிறகுதான் சொன்னார். முதலில் சொன்னது இதைத்தான்: "எங்கட பிள்ளை கார் ஓடினவள். உனக்கு எங்கயும் போகவேணுமெண்டாச் சொல்லு."