கன்னையன் அறுத்த வலை

பதினைந்து வயதிலிருந்து கன்னையனுக்குக் குளத்து மீன்தான் சோறு போட்டது. திருப்பூருக்குக் கிழக்கே, ஆற்றுத் தண்ணீர் வந்து தேங்கும் பெரிய குளம். மனைவி பொன்னாத்தாளின் தம்பி சென்னிமலையும் அவரும் ஒரே பரிசலில் போய் வலை போடுவார்கள்.

குளத்தைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்ததும் மீன்பிடிக்கத் தடை வந்தது. சென்னிமலை பனியன் கம்பெனிக்கு அயர்ன் போடப் போனான். அந்தச் சூடு அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று மாதத்தில் நின்றுவிட்டான். கன்னையனுக்குச் சரணாலயத்திலேயே காவல் வேலை கிடைத்தது.

ஒரு விடியற்காலையில் கோரைப்புல்லுக்குள் வலை கட்டியிருப்பதைப் பார்த்தார். முக்குளிப்பான் பறவை ஒன்று அதில் சிக்கிச் செத்திருந்தது. பக்கத்தில் இடுப்பளவு தண்ணீரில் சென்னிமலை நின்றான்.

“மாமா, புள்ளைக்கு மூணு நாளா காச்சலுங்க. இன்னிக்கு ஒருநாள் கண்டுக்காம போயிருங்க.”

“உன்னைய உட்டுப்போட்டு மத்தவன எப்படிடா புடிக்கறது?”

வலையை அறுத்தார். அதில் பாதி முடிச்சுகள் அவர் கையால் போட்டவை. அதிகாரியிடம் பெயரையும் சொன்னார். வழக்குப் பதிவானது. சென்னிமலை மகள் மோனிஷா பெரியவளானபோது செய்த சீருக்கு இவர்களுக்கு அழைப்பு வரவில்லை.

“அத்தைக்காரி நானு, ஊட்டுலயே உக்காந்திருக்கறனுங்க,” என்று மட்டும் பொன்னாத்தாள் சொன்னாள்.

அந்த ஐப்பசி மழையில் மேற்கேயிருந்து நுரை வந்தது. எந்தச் சாயப்பட்டறை கழிவைத் திறந்துவிட்டதோ, கடைசிவரை தெரியவில்லை. மூன்றாம் நாள் கெண்டையும் ஜிலேபி மீனும் குளம் முழுக்க வயிற்றைக் காட்டி மிதந்தன. கன்னையன் சாக்குச் சாக்காக அள்ளிக் குழியில் போட்டார். யாரோ வந்து சோதனைக்கென்று பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் போனார்கள். பிறகு ஒரு தகவலும் இல்லை.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நித்யஸ்ரீ டீச்சர் பள்ளிப் பிள்ளைகளோடு வேனில் வந்திறங்கினார். பிள்ளைகள் பறவை பார்க்கும் கோபுரத்தில் ஏறி, ஒரே பைனாகுலரை மாற்றி மாற்றி வாங்கிப் பார்த்தார்கள்.

“பறவையெல்லாம் எந்தப் பக்கமுங்க?” என்று கேட்டார் டீச்சர்.

“இந்த வருசம் வரலீங்க.”

“அடுத்த வருசம் வருமுங்களா?”

“மீனு இல்லீங்களே. இரை இல்லாத பக்கம் எதுக்குங்க வருது?”

அரைமணி நேரத்தில் வேன் கிளம்பிவிட்டது.

பறவை வராத குளத்துக்குக் காவல் எதற்கென்று, சித்திரையோடு கன்னையனுக்கும் வேலை போயிற்று. இப்போது முதலிபாளையத்தில் ஒரு கம்பெனி கேட்டில் நிற்கிறார். சென்னிமலை கொமரலிங்கத்துக்குக் குடிபோய்விட்டான். அமராவதி ஆற்றில் மீன் பிடிக்கிறானாம்.

“ஏனுங்க, ஒருக்கா போயிப் பாத்துட்டு வரலாமுங்க,” என்றாள் பொன்னாத்தாள்.

“எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் போறது?” என்றார் கன்னையன்.