ஆறுதலாத் தள்ளுங்கோ

எழுபதுகளில் டொராண்டோவின் வடக்கு விளிம்பில் இருந்த ஒரு சிறிய விமானக் கொட்டகையில் மெக்கானிக்காகச் சேர்ந்தேன். மெட்ராஸில் வாங்கிய பட்டம் பெட்டிக்குள் கிடந்தது. அதன் கனம் மட்டும் தலையில் இருந்தது. அங்கே என்னைத் தவிர ஒரே ஒரு தமிழர், யாழ்ப்பாணத்துக்காரர். என்னைவிட மூன்று வயது இளையவர். ஆனால் வேலை சரி என்று கையெழுத்துப் போடும் அதிகாரம் அவரிடம்தான். என்னை அண்ணை என்றே கூப்பிடுவார். அந்த மரியாதைகூட எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஒரு ஜனவரி காலை, டர்போ பொருத்திய எஞ்சின் ஒன்றைத் தரையில் ஓட்டிப் பார்க்க இருவரும் விமானத்துக்குள் உட்கார்ந்தோம். எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் பிடி என் கையில். டர்போ எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும். அழுத்தம் மிஞ்சாமல் காப்பது புகை போகும் வழியில் உள்ள ஒரு சின்னக் கதவு. அந்தக் கதவை அசைப்பது எஞ்சின் ஆயில். குளிரில் ஆயில் கெட்டியாக இருந்தால் கதவு சோம்பலாகத் திறக்கும். அதற்குள் அழுத்தம் எகிறிவிடும். இதெல்லாம் இன்று சொல்கிறேன். அன்று எனக்கு டர்போ புதுசு. இளையவரிடம் போய்க் கேட்பதா என்ற வீம்பு வேறு.

அவர் குனிந்து ஆயில் சூட்டைக் குறித்துக்கொண்டே சொன்னார்: "ஆயில் இன்னும் சூடாகேல்லை. ஆறுதலாத் தள்ளுங்கோ அண்ணை."

கவலைப்படாமல் தள்ளு என்கிறார் என்று எடுத்துக்கொண்டு ஒரே மூச்சில் தள்ளினேன். அழுத்தம் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. அவர் என் கையைத் தட்டிவிட்டு த்ராட்டிலைப் பின்னால் இழுத்தார்.

எஞ்சினை நிறுத்தியதும், "ஆறுதலா எண்டெல்லே சொன்னனான்?" என்றார்.

"அதான், கவலைப்படாதேன்னு..."

அவர் குறிப்புத் தாளை மடித்து வைத்தார். "எங்கட ஊரில ஆறுதலா எண்டா மெதுவா, அண்ணை."

அது நேர்மையான பிழைதான். அதோடு நின்றிருந்தால் இதை எழுத வேண்டியே இருந்திருக்காது.

உள்ளே சேதம் ஏதும் உண்டா என்று எஞ்சினைக் கழற்றிச் சோதித்தாக வேண்டும் என்றானது. மேற்பார்வையாளர், ஒரு வெள்ளைக்காரர், இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டு முதலில் என்னைக் கேட்டார். சேர்ந்து இரண்டே மாதம்; வேலை போய்விடுமோ என்று பயந்தேன். "கவலைப்படாமல் தள்ளச் சொன்னார்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

"மெதுவாக என்றுதான் சொன்னேன்" என்றார் அவர், ஆங்கிலத்திலேயே. பிறகு என் பக்கம் திரும்பினார். மீதியை நான் சொல்வேன் என்று காத்திருந்தார். ஒரு சொல்லுக்கு இரண்டு ஊரில் இரண்டு பொருள் என்று சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. அவர் சொன்னால் சாக்குப்போக்காகத் தோன்றும்; நான் சொன்னால் நம்புவார்கள். நானோ மேசையில் இருந்த காப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்றே அவருடைய கையெழுத்து அதிகாரத்தைப் பிடுங்கிவிட்டார்கள். மறுநாளிலிருந்து உதிரிப் பாகங்களைக் கழுவும் தொட்டியருகே நின்றார். வெட்கம் தாங்காமல் நான் அந்தப் பக்கமே போகாமல் சுற்றிப் போனேன். வாரக் கடைசியில் அவரே கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"நீங்கள் பயந்திட்டியள், விளங்குது. ஆறுதலாச் சொல்லுங்கோ அண்ணை, அவசரமில்லை."

இந்த முறை அந்தச் சொல் எனக்குச் சரியாகவே புரிந்தது. தலையாட்டினேன். பனி உருகும்வரை பொறுத்திருந்துவிட்டு அவர் வேறு ஊருக்கு வேலை தேடிப் போனார். நான் கடைசிவரை சொல்லவில்லை.