எண்பத்தேழு வரைக்கும்

ஐம்பத்தெட்டு வயதில் நான் களைத்துப்போனேன். நோய் என்று சொல்ல ஒன்றும் இல்லை. காலையில் கண்ணைத் திறக்கும்போதே கூடவே எழும்பி வருகிற களைப்பு அது. குண்டசாலையிலிருந்து கண்டி டவுனுக்கு பஸ், நின்றபடி பயணம், இறங்கினால் கடைக்குப் பின்பக்கத்து மரப்படி. இரும்புச் சாமான் மொத்த வியாபாரக் கடை அது. நான் கணக்கு எழுதும் அறை மேல்மாடியில். நான் ஏறும்போது படி முனகுகிறதா என் முழங்கால் முனகுகிறதா என்று கீழே ஆணி வாங்க நிற்கிறவர்களுக்கே சந்தேகம் வரும். போதும் என்று ஒருநாள் மனசு சொல்லிவிட்டது. மனசு சொன்னால் ஆச்சா, சோறு யார் போடுவது?

என் வீட்டுக்காரர் வேன் ஓட்டியவர். பேக்கரிகளுக்கு மா மூட்டை ஏற்றி இறக்கிய சொந்தத் தொழில். ஆகையால் அவருக்குச் சேமலாப நிதியும் இல்லை, பென்ஷனும் இல்லை. சீனி வருத்தம் கண்ணைப் பிடித்த பிறகு வேனை விற்று, அந்தக் காசை வங்கியில் நிலையான வைப்பில் போட்டோம். அந்த வட்டியும் என் சம்பளமும்தான் வீட்டை ஓட்டின. நான் வேலையை விட்டால் என் ஈ.பி.எப். சேமலாபக் காசு மொத்தமாகக் கைக்கு வரும். அது எங்கள் இரண்டு பேரையும் கடைசி வரைக்கும் தாங்குமா? பஸ்ஸில் நிற்கும்போதும் இதே யோசனை, பருப்புக் கழுவும்போதும் இதே யோசனை.

மகள் மெல்பேர்னில் இருக்கிறாள். என் புலம்பலைக் கேட்டுக் கேட்டு அவளுக்கும் அலுத்துவிட்டது. "அம்மா, சும்மா யோசிச்சு மண்டையப் போட்டு ஒடச்சுக்காதீங்க. ஒரு புரோகிராம் அனுப்புறேன். வருமானம், வரி, பேங்க்ல உள்ளது எல்லாத்தையும் அதுல போடுங்க. எப்ப வேலைய விட்டு நிக்கலாம்னு அதுவே சொல்லும்" என்றாள். அவள் விட்டுப்போன பழைய லெப்டொப்பில் அதைத் திறந்தேன். ஓய்வுக்குப் பிறகு வருடா வருடம் என்ன வரும், என்ன போகும் என்று கோடு போட்டுக் காட்டும் மென்பொருள். காசு இருக்கும் வரை கோடு பச்சை. தீர்ந்தால் சிவப்பு. அவளுக்கு அங்கிருந்தும் அது தெரியும்.

யாரோ வெள்ளைக்காரன் தன் ஊருக்குச் செய்தது. வட்டியில் வங்கி முன்கூட்டியே பிடிக்கிற வரியை எந்தக் கட்டத்தில் போடுவது என்று தேடியே ஒரு பொழுது போயிற்று. வருடத்துக்கு எத்தனை உல்லாசப் பயணம் என்று கேட்டது. விலைவாசி எவ்வளவு ஏறும் என்ற இடத்தில் அதுவாகவே ஒரு சின்ன எண்ணைப் போட்டு வைத்திருந்தது. கேஸுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்று காய்ந்த நாட்டுக்காரிக்குச் சிரிப்பு வராதா?

"கூட்டிப் போடு, கூட்டிப் போடு. நம்ம நாட்டப் பத்தி அதுக்கு என்னா தெரியும்?" என்றார் என் பின்னால் நின்ற வீட்டுக்காரர்.

அடுத்து, ஓய்வுக்குப் பின் இதைவிடச் சிறிய வீட்டுக்குக் குடிபோகும் எண்ணம் உண்டா என்றது. நாங்கள் இரண்டு பேரும் பிறந்தது தேயிலைத் தோட்ட லயத்து ஒற்றைக் காம்பிராவில். நான் ஹந்தானையில், அவர் பன்வில பக்கத்துத் தோட்டத்தில். அதைவிட்டு வெளியே வந்து கல் கல்லாகச் சேர்த்துக் கட்டிய வீடு இது. இதிலிருந்து சின்ன வீட்டுக்குப் போகவா என்று கேட்கிறது, அதன் வாயைப் பார்!

அவருடைய பிறந்த திகதிக்கு வந்ததும்தான் உண்மையான தகராறு.

"அட்டையில உள்ளதப் போடு" என்றார்.

"அது பொய்யில்ல?"

"பொய்யா இருந்தா என்னா? கவர்மெண்டே ஏத்துக்கிட்டதுதானே."

அவர் பிறந்தபோது யாரும் பதியவில்லை. பிறகு தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிய வயது பத்தாமல் போனதும், அவர் அப்பா இரண்டு வயதைக் கூட்டிப் பிறப்புப் பதிவு எடுத்துக் கொடுத்துவிட்டார். அடையாள அட்டையும் அதன்படியே வந்தது. அட்டைக்கு அறுபத்துமூன்று, உடம்புக்கு அறுபத்தொன்று. இப்படி இரண்டு வயதோடு திரிகிறவர்கள் எங்கள் ஆட்களில் நிறையப் பேர். அதில் ஒரு லாபமும் உண்டு. அறுபது தாண்டியவர்களுக்கு வங்கி கொடுக்கும் கூடுதல் வட்டி அவருக்கு இரண்டு வருடம் முந்தியே கிடைத்தது. ஆகவே அட்டைத் திகதியைப் போடாவிட்டால் வட்டிக் கணக்குப் பிழைத்துவிடும்.

ஆனால் அடுத்த கேள்வி, எத்தனை வயது வரை உயிரோடு இருப்பதாகத் திட்டம் என்பது. கொஞ்சமும் கூச்சமில்லாமல் கேட்டது. எண்பத்தைந்து என்று போட்டுவிட்டு நிறுத்தினேன். அட்டைக்கு எண்பத்தைந்து ஆகும்போது இவருக்கு எண்பத்துமூன்றுதானே ஆகியிருக்கும்!

"அப்ப அந்த ரெண்டு வருசம் எனக்குச் சோறு கெடையாதா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார்.

அழித்து, எண்பத்தேழு என்று போட்டேன். எனக்குத் தொண்ணூறு. பொத்தானை அமுக்கினேன். பச்சைக் கோடு நன்றாகத்தான் கிளம்பியது. என் எழுபது வயதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சிவப்பாகிக் கீழே விழுந்தது. அறுபத்தைந்து வரை வேலை செய்தால் நல்லது என்று ஒரு புத்திமதி வேறு. இன்னும் ஏழு வருடம் அந்த மரப்படி. எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவும் இல்லை. அவர் போய்ப் பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்து வைத்தார்.

அதற்குப் பிறகு அந்த மென்பொருளோடு மல்லுக்கட்டுவதே என் வேலையாகிவிட்டது. கடையிலிருந்து வந்து முகம் கழுவியதும் அதன் முன் உட்காருவேன். மீனைக் குறைத்தேன். தீபாவளி உடுப்பை வெட்டினேன். மெல்பேர்ன் போய்ப் பேரப்பிள்ளையைப் பார்க்க ஒதுக்கிய காசையும் எடுத்தேன். சிவப்பு கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். பகலில் நான் இல்லாத நேரம் அவரும் அதைத் திறந்து பார்க்கிறார் என்று தெரியும். வீட்டில் தனியாக இருக்கிற மனிதருக்குப் பொழுது போகவேண்டுமே என்று விட்டுவிட்டேன்.

ஒரு பௌர்ணமி, போயா லீவு அன்று மத்தியானம், வேறொரு வங்கியின் வட்டியைப் போட்டுப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். போட்டு அமுக்கினேன். பச்சை. எழுபது போயிற்று, எண்பது போயிற்று, தொண்ணூறு வரைக்கும் பச்சை. உங்கள் திட்டம் சரியாகப் போகிறது, இப்போதே ஓய்வு பெறலாம் என்று ஆங்கிலத்தில் வாழ்த்தும் வந்தது.

"ஏங்க! இங்க வாங்க! பச்சையாகிருச்சுங்க!" என்று கத்தினேன்.

அவர் வந்து எட்டிப் பார்த்தார். "நான்தான் சொன்னேனே, ஏதாச்சும் வழி பொறக்கும்னு" என்றார். நான் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்டேன். கோட்டைப் பார்க்காமல் அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு சந்திக் கடைக்குப் போய், தான் தொடக்கூடாத மஸ்கட் இனிப்பு வாங்கிவந்து எனக்குக் கொடுத்தார்.

மறுநாளே முதலாளியிடம் போய் நின்றேன். மாத முடிவோடு நின்றுகொள்கிறேன் என்றேன். பழைய முஸ்லிம் வியாபாரக் குடும்பத்து மனிதர், என்னைத் தங்கச்சி என்றே கூப்பிடுவார். "ஒங்கள மாதிரி ஆள் இனி எங்க கெடைக்கும்? சரி தங்கச்சி, ஒடம்புதானே முக்கியம். சந்தோசமா போங்க" என்றார். அன்று மரப்படியில் இறங்கும்போது முழங்கால் வலித்த ஞாபகம் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் பேசினாள்.

"அம்மா, நீங்க மாத்தினதப் பாத்தேன். அப்பாட வயசப் பிழையா அடிச்சிருக்கீங்களே. அறுபத்தேழுன்னு இருக்கு."

"எந்த அறுபத்தேழு?"

"எத்தன வயசு வரைக்கும் இருப்பார்ன்ற எடத்துல. எண்பத்தேழுதானே போட்டீங்க?"

போனைக் காதில் வைத்துக்கொண்டே திறந்து பார்த்தேன். எட்டு இருந்த இடத்தில் ஆறு. மற்றவர்களுடைய கணக்கில் பிழை பிடித்தே வயிறு வளர்த்தவள் நான். பச்சையைக் கண்டதும் அந்தக் கட்டத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இந்தக் கணக்குப்படி அவருக்கு இன்னும் நாலு வருடம். அதற்குப் பிறகு மருந்துச் செலவு இல்லை, சாப்பாட்டில் பாதி இல்லை, கண் டொக்டர் இல்லை. பிறகெப்படிப் பச்சை வராது?

அவர் குசினியில் கறிக்குப் போஞ்சி வெட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்கதான் மாத்தினீங்களா?"

கத்தி நின்றது. நிமிரவில்லை. "சும்மா ஒரு வெளையாட்டுக்குத்தான் போட்டுப் பாத்தேன். பச்சையாகிருச்சு. திருப்பி மாத்தணும்னுதான் இருந்தேன்."

"அப்ப ஏன் மாத்தல?"

"அதுக்குள்ள நீ பாத்துட்ட. நீ அப்பிடிச் சிரிச்சு எவ்வளவு காலம்? சொல்ல மனசு வரல." போஞ்சியை ஒதுக்கி வைத்தார். "மெசின்லதானே செத்தேன். நெசத்துல இங்கதானே இருக்கேன்."

"மெசின்லயும் சாகக் கூடாது!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும், கேட்கட்டும். "எனக்கு ஓய்வு வேணும்தான். ஒடம்பு முடியலதான். நீங்க இல்லாத வீட்டுல உக்காந்து ஓஞ்சு நான் என்னாத்தக் கிழிக்கப் போறேன்?"

எனக்கு அவர்மேல் அப்படி ஒரு கோபம். அந்தக் கோபத்துக்கு அடியில் இருந்தது பயம். பச்சை என்று நான் துள்ளியது அவர் இல்லாத கணக்கைப் பார்த்துத்தானே. லெப்டொப்பைத் தூக்கிவந்து குசினி மேசையில் அவர் முன்னாலேயே வைத்து, ஆறை அழித்து எட்டைப் போட்டேன். கோடு பழையபடி சிவப்பாகி விழுந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர் கத்தியை எடுத்துக்கொண்டார். மிச்சப் போஞ்சிக்கு நான் நாரெடுத்துக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை முதலாளி கீழே காசுப் பட்டறையில் உட்கார்ந்து காசு எண்ணிக்கொண்டிருந்தார். நான் வேலையை விட்டு நிற்கவில்லை, உங்களுக்கு விருப்பமானால் தொடர்ந்து வருகிறேன் என்றேன்.

"ஆ! என்ன தங்கச்சி, அவ்வளவு சந்தோசமா சொல்லிட்டுப் போனீங்க. என்ன நடந்திச்சி?"

"கணக்குல ஒரு ஆளக் கொறச்சுப் போட்டுட்டேன், முதலாளி" என்றேன்.

அவருக்கு விளங்கியிருக்காது. கணக்கு அறைச் சாவிக்கொத்தை எடுத்து நீட்டினார். வாங்கிக்கொண்டு கைப்பிடியைப் பற்றி மேலே ஏறினேன்.