தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு

பெண் பார்க்க வந்த அன்று அவர் என்னைப் பார்க்கவில்லை. எங்கள் வாசல் சுவரில் தொங்கிய தெர்மாமீட்டரைத்தான் பார்த்தார்.

என் அப்பா ஏற்காட்டு மலையில், நாகலூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். எஸ்டேட் ஆபீஸில் சும்மா கிடந்த தெர்மாமீட்டரைக் கேட்டு வாங்கிவந்து வாசலில் மாட்டியிருந்தார். தினமும் காலையில் அதைப் பார்த்து, "இன்னிக்குப் பதினேழு" என்று வீட்டுக்கே அறிவிப்பார். அதில் அவருக்கு ஒரு பெருமை. நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு காபித் தட்டோடு வந்து நிற்கிறேன், மாப்பிள்ளை என் தோளைத் தாண்டி எட்டிப் பார்க்கிறார். பிறகு அப்பாவிடம் சொல்கிறார்: "ஏனுங்க, இது ரெண்டு டிகிரி கூடக் காட்டுமுங்க. வெயில் படற எடத்துல மாட்டியிருக்கறீங்க."

அப்பா அங்கேயே விழுந்துவிட்டார். இப்படி ஒரு கெட்டிக்கார மாப்பிள்ளை லேசில் கிடைப்பாரா என்று அம்மாவிடம் அடுப்படியில் போய்ச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் ஆள் பார்க்க நன்றாக இருந்தார். அதனால் சரி என்று சொல்லிவிட்டேன்.

அவருக்குச் சென்னையில் வானிலை ஆபீஸில் வேலை. வெட்டவெளியில் கால் வைத்து நிற்கும் ஒரு வெள்ளை மரப்பெட்டி, அதற்குள் தெர்மாமீட்டர்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் ஒரு பதிவையும் விட்டதில்லை, ஒன்றையும் தப்பாக எழுதியதில்லை. ஆபீஸில் அதற்காகவே அவருக்குப் பெயர். தாலி கட்டி முடித்த கையோடு, மேடைக்கு வந்த ஆபீஸ் நண்பரிடம் "எட்டரை மணி ரீடிங் எடுத்தாச்சா?" என்று கேட்ட மனிதர் அவர். குடித்தனம் போன பிறகு எங்கள் அடுப்படியிலும் ஒரு தெர்மாமீட்டரை மாட்டினார். சாம்பாரில் உப்பு இல்லாதது தெரியாது, அடுப்படி எத்தனை டிகிரி என்பது மட்டும் தெரியும்.

எண்பதுகளில் நம் நாட்டிலிருந்து அண்டார்டிகாவுக்குக் கப்பலில் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். குளிர்காலம் முழுக்க அங்கேயே தங்கி, பனிக்கு நடுவே தினமும் குளிரை அளந்து எழுத ஆள் கேட்டார்கள். இவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பெயர் கொடுத்துவிட்டார். கிளம்புவதற்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் நான் முழுகாமல் இருப்பது தெரிந்தது. சொன்னேன். முகம் வெளுத்துப் போய், "போகட்டுமா, வேண்டாமா?" என்றார்.

"போங்க" என்றேன்.

போய்விட்டார். போங்க என்று சொன்னால் போய்விடுவதா? உலகத்தில் எந்தப் பெண் அந்த வார்த்தையை அந்த அர்த்தத்தில் சொல்லியிருக்கிறாள்?

நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு நாகலூருக்கு, அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அண்டார்டிகாவிலிருந்து அவர் சொல்வதை ஒயர்லெஸ் மூலம் டெல்லியில் வாங்கி, டெல்லியிலிருந்து எங்களுக்குத் தந்தியாக அனுப்புவார்கள். நான் சொல்வதும் அதே வழியில் திரும்பிப் போகும். நாலைந்து சொல்லுக்கு மேல் அனுப்ப முடியாது என்பது உண்மைதான். ஆனால் அந்த நாலைந்தில் அவர் என்ன சொன்னார் தெரியுமா? "நலம். மைனஸ் பதினொன்று." அடுத்தது, "நலம். மைனஸ் பத்தொன்பது. காற்று."

தந்தி எனக்கு வந்தாலும் செய்தி ஊருக்கே வந்தது. பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர், "ஏனுங்க அம்மிணி, அங்க இப்ப எத்தனைங்க?" என்பார். ஏற்காட்டு பஜாரில் மூடுபனியில் மப்ளர் சுற்றிக்கொண்டு நிற்பவர்கள், மைனஸ் இருபத்தி நாலு என்று கேட்டதும் சங்கடப்பட்டு மப்ளரைத் தளர்த்திக்கொள்வார்கள்.

எனக்கு மட்டும் வயிற்றெரிச்சல். சாப்பிட்டாயா, தூங்கினாயா, வாந்தி நின்றதா, ஒன்றும் கிடையாது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஒருநாள் நானும் அதே பாஷையில் பதில் கொடுத்தேன்: "பதினெட்டு. மழை."

தந்தி எழுதிக் கொடுத்ததும் போஸ்ட் மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "இதென்னங்க அம்மிணி, ரகசியக் குறியா? நாளைக்கு யாராச்சும் வந்து கேட்டா நான் என்னங்க சொல்றது?"

"புருசன் பொண்டாட்டி பேச்சுங்க" என்றேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சொற்களை எண்ண ஆரம்பித்தார்.

என் கோபம் என் வீட்டுக்காரருக்குப் புரியும் என்று நினைத்தேன். பதில் வந்தது: "நிழலில் அளந்ததா?"

அன்றைக்கு நான் அழுதேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "உடு கண்ணு. உங்கப்பன் என்னைக்காச்சும் என்னைப் பாத்து நல்லாருக்கறயான்னு கேட்டிருக்கறாரா? ஆம்பளைங்க நொம்பப் பேருக்கு அது வாயில வராது" என்றாள். எனக்கு அந்தச் சமாதானம் போதவில்லை. இந்த மனிதருக்கு நான் முக்கியமா, தெர்மாமீட்டர் முக்கியமா? அது தெரியாமல் திரும்பிப் போய்க் குடித்தனம் செய்ய முடியாது என்று முடிவு செய்துகொண்டேன்.

ஆடி மழையில் வலி எடுத்தது. எஸ்டேட் ஜீப்பில் ஏற்காடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எதிரே வருவது தெரியாத அளவுக்கு மஞ்சு மூட்டம். விடியும்போது மகள் பிறந்தாள். நர்ஸ் அவளுக்குத் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, "தொண்ணூத்தெட்டு பாயின்ட் நாலு. பாப்பா நல்லாருக்குதுங்க" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அப்பாவைக் கூப்பிட்டுத் தந்தி கொடுக்கச் சொன்னேன்: "பெண். தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு."

"வேற ஏதாச்சும் எழுதட்டுமா கண்ணு?" என்றார் அப்பா.

"வேண்டாம்பா. அவருக்கு இது போதும்."

சொன்னேனே தவிர, பதிலுக்கு உயிரை விட்டுக்கொண்டு காத்திருந்தேன். வந்தது: "மகிழ்ச்சி. மைனஸ் முப்பத்தி மூன்று."

பெற்ற மகளுக்கும் ஒரு மைனஸா? தந்தியை மடித்து வைத்துவிட்டேன். அதன்பிறகு வந்தவற்றுக்கு அப்பாதான் பதில் கொடுத்தார்.

அடுத்த கோடையில் அவர் வந்து இறங்கினார். முகம் முழுக்கத் தாடி. மகள் அதைப் பார்த்து வீறிட்டாள். அவர் பயந்துபோய் இரண்டடி பின்னால் நகர்ந்து, அங்கிருந்தே அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வாரத்தில் தாடியை எடுத்து, மகளைப் பழக்கி, பிறகு மெதுவாகக் கேட்டார்: "சென்னைக்கு எப்பக் கிளம்பலாம்?"

"நீங்க கிளம்புங்க. நான் வரலீங்க."

"ஏன்?"

"நான் பெருசா, அந்தத் தெர்மாமீட்டர் பெருசா? அதைச் சொல்லுங்க, வர்றேன்."

அவர் எழுந்து வாசலுக்குப் போனார். எட்டிப் பார்த்தால், அப்பாவின் தெர்மாமீட்டரைக் கழற்றி நிழலான பக்கத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறார். இந்த மனிதரை என்ன செய்வது?

இரண்டு நாள் கழித்து அவர் பெயருக்கு ஒரு ரிஜிஸ்டர் தபால் வந்தது. அவர் அப்பாவோடு காபித் தோட்டத்துக்குள் போயிருந்தார். மறுபடியும் பனிக்குக் கூப்பிடுகிறார்களோ என்று நினைத்து நானே கையெழுத்துப் போட்டு வாங்கிப் பிரித்துவிட்டேன். ஆபீஸ் மெமோ. கப்பலில் வந்த பதிவேடுகளை அங்கே ஒருவர் வரிவரியாகச் சரிபார்த்திருக்கிறார். இன்ன தேதி, நண்பகல் பதிவில், வெப்பநிலை 98.4 டிகிரி என்று எழுதப்பட்டுள்ளது. சென்டிகிரேடில் இது ஏறக்குறைய தண்ணீர் கொதிக்கும் அளவு. அண்டார்டிகாவில், நடுக்குளிர்காலத்தில் இது எவ்வாறு சாத்தியம் என்று உடனே விளக்கம் தரவும்.

தேதியைப் பார்த்தேன். மகள் பிறந்ததற்கு மறுநாள்.

அவர் வந்ததும் மெமோவை நீட்டினேன். படித்தார். காது வரை சிவந்துவிட்டது.

"தெர்மாமீட்டர் பெட்டியில பாத்துட்டு அப்பத்தான் உள்ள வந்தேன்" என்றார். "ஒயர்லெஸ்காரர் ஓடி வந்து உன் தந்தியைச் சொன்னாரு. உக்காந்து எழுதினேன். என்ன எழுதினேன்னு எனக்கே தெரியலை."

"அதை ஒரு வார்த்தை எனக்குச் சொல்லக் கூடாதுங்களா?"

"மகிழ்ச்சின்னு போட்டனே."

"கூடவே ஒரு மைனஸும் போட்டீங்களே."

"அது வழக்கமாப் போடறது" என்றார் பாவமாக. சொல்லிவிட்டு அப்பாவின் மேஜையில் காகிதம் எடுத்து உட்கார்ந்தார். "இத்தன வருசத்துல ஒரே தப்பு. கவனக்குறைவுக்கு வருந்துகிறேன்னு எழுதிக் குடுத்துடறேன்."

நான் மகளை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு சொன்னேன்: "வருந்துறேன்னு அதுல ஒரு எழுத்து எழுதினீங்க, நான் இந்த ஊட்டை உட்டு வரமாட்டேனுங்க."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பெண் பார்க்க வந்த அன்று பார்க்காததையும் சேர்த்துப் பார்த்தார். பிறகு குனிந்து, அவருடைய மணிமணியான கையெழுத்தில் ஒரே வரி எழுதி, என் பக்கம் திருப்பி வைத்தார்.

"அளவு சரியானதே. அளந்த இடம் மட்டும் ஏற்காடு."

"இதைப் படிச்சா ஆபீஸ்ல என்ன சொல்லுவாங்களோ" என்றார்.

"என்ன வேணாலும் சொல்லட்டுங்க. கையெழுத்தைப் போடுங்க."

போட்டார். நான் மகளை அவர் மடியில் உட்கார வைத்துவிட்டு, பரணிலிருந்து பெட்டியை இறக்க உள்ளே போனேன்.