கழுவிவிட்டு வந்த கால்கள்

செம்மநத்தம் செல்லப்பன் காப்பி எஸ்டேட்டில் செடிகளுக்குக் கவாத்து வெட்டுகிறவன். நாற்பத்தாறு வயதில் அவனுக்கு மிச்சமிருந்த ஒரே பேராசை, இயேசுவின் சீடனாகிவிட வேண்டும் என்பது. இதைச் சாதாரண ஆசை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவன் ஊர்ப் பங்குக் கோயிலில் சீடர் பதவிக்கு மொத்தம் பன்னிரண்டே இடங்கள். பஞ்சாயத்துத் தேர்தலில்கூட அவ்வளவு போட்டி கிடையாது.

ஈஸ்டருக்கு முந்திய பெரிய வியாழன் மாலைப் பூசையில், இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவியதன் நினைவாக, பங்குச்சாமியார் பன்னிரண்டு ஆண்களின் பாதங்களைக் கழுவுவார். எங்கும் உள்ள வழக்கம்தான். ஆனால் இந்தக் கோயிலில் நாற்காலிக்கு ஒரு சீடர் என்று பட்டாவே போட்டிருந்தார்கள். முதல் நாற்காலி தலைமைச் சீடரான இராயப்பருடையது. எஸ்டேட்டில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற ரைட்டர் பிரகாசம் பதினோரு வருடமாக அதில் இராயப்பராக வீற்றிருந்தார். கடைசி நாற்காலி, இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசுடையது. அதில் உட்கார்ந்தவனை அடுத்த ஈஸ்டர்வரை ஊரே யூதாஸ் என்று கூப்பிடும். போன வருடம் உட்கார்ந்த பால்காரர் அன்பழகன், இந்த வருடம் அதே நாளில் வெளியூரில் ஒரு கல்யாணம் என்று சொல்லி நழுவிவிட்டார். தவக்காலத்தில் ஏது கல்யாணம் என்று கேட்க யாருக்கும் மனம் வரவில்லை. காலியான இடம் செல்லப்பனுக்கு வந்தது.

“ஏனுங்க, போயும் போயும் யூதாசாவா உக்காரோணும்?” என்றாள் மனைவி சுஜாதா. “எங்கண்ணன் ஊட்ல நான் எப்படித் தலை காட்டறது?”

“யூதாசும் சீடன்தான் புள்ள. அவன் காலையுந்தான கழுவுனாரு?”

“கழுவி? எந்திரிச்சு நேரா எங்க போனான்னு தெரியுமில்ல?”

வேதத்தில் இவ்வளவு தேர்ச்சியுள்ளவளோடு வாதாடிப் பயனில்லை என்று செல்லப்பன் காலைத் தேய்க்கப் போனான்.

ஏனென்றால், சாமியார் கழுவப்போகும் காலில் அழுக்கு இருக்கக்கூடாது என்பது அந்தப் பங்கின் எழுதப்படாத சட்டம். ரைட்டர் அதற்கென்றே மலையிலிருந்து சேலத்துக்கு இறங்கி, காசு கொடுத்து நகம் வெட்டிக்கொண்டு வருவார். செல்லப்பன் ஒரு வாரம் உப்புத் தண்ணீரில் காலை ஊறவைத்துக் கல்லால் தேய்த்தான். முப்பது வருட எஸ்டேட் கறை, கொஞ்சம் தோலையும் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தது. வியாழன் மத்தியானம் தன் காலைத் தானே மரியாதையோடு பார்த்தான். தூசி படாமலிருக்க மகள் ஆஷ்லினுடைய பள்ளிக்கூட சாக்ஸை மாட்டிக்கொண்டு புறப்பட்டான்.

இரண்டு வளைவு தாண்டியதும் வானம் இருட்டியது. வழியில் தெரிந்தவளான தங்கம்மா வீட்டு வாசலில் தார்ப்பாயில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. அவள் ஒற்றை ஆளாய் அதன் நடுவே நின்றிருந்தாள்.

“செல்லப்பா, வருச மொளகு அத்தனையும் கெடக்குது கண்ணு! வா, ஒரு கை புடி!”

“அக்கா, எனக்குக் கோயிலுங்க. காலு வேற...”

“காலுக்கு என்ன கேடு?”

கழுவுவதற்காகக் கழுவி வைத்த காலை இந்து அக்காவுக்கு எப்படி விளக்குவது? கிறிஸ்தவர்களுக்கே விளக்க முடியாத சங்கதி அது. முதல் துளி விழுந்தது. செல்லப்பன் சாக்ஸைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினான். அள்ளி, மூட்டை கட்டி, கொட்டும் மழையில் ஐந்து மூட்டையையும் உள்ளே சேர்த்தபோது முழங்கால்வரை செம்மண். கோயில் மணி அடித்தது. வரக்காப்பி போடப் போனவளிடம் சொல்லாமலே ஓடினான்.

பக்கவாசல் வழியாக நுழைந்தபோது வாசகமும் பிரசங்கமும் முடிந்து, பதினோரு சீடர்கள் இருபத்திரண்டு பளபளக்கும் பாதங்களோடு உட்கார்ந்திருந்தார்கள்.

“ஏப்பா, இது காலா, வயக்காடா?” என்று ரைட்டர் கோயில் முழுக்கக் கேட்கும் ரகசியக் குரலில் சீறினார். “போ வெளிய!”

ஒரு வாரத் தவம் போயிற்று, யூதாஸ் பதவியும் போயிற்று என்று செல்லப்பன் திரும்பினான். இடுப்பில் துண்டும் கையில் செம்புமாக நின்ற சாமியார், பங்குக்கு வந்து மூன்றே மாதமான இளைஞர், “எங்கங்க போறீங்க?” என்றார்.

“காலக் கழுவிட்டு வந்தர்றனுங்க சாமி.”

“அப்ப நான் எதுக்குங்க செம்பைத் தூக்கிட்டு நிக்கிறேன்? உக்காருங்க.”

சாமியார் அந்தக் கடைசி நாற்காலியிலிருந்தே ஆரம்பித்தார். மூன்று செம்புத் தண்ணீர் பிடித்தது. தாம்பாளத்தில் சிக்கரி காப்பி நிறத்தில் தண்ணீர் நின்றது. துடைக்கும் துண்டோ ஒன்றே ஒன்று. பதினோராவது சீடர், பத்தாவது சீடர் என்று அது முறையாகப் பயணம் செய்து, போகிற வழியெல்லாம் செம்மண்ணைப் பங்கிட்டது.

முதல் நாற்காலிக்கு வந்ததும் ரைட்டர் வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டார். “சாமி, எனக்கு வேண்டாங்க!”

இயேசு குனிந்தபோது இராயப்பரும் இப்படித்தான் வேண்டாம் என்றாராம்; இந்தப் பன்னிரண்டாவது வருடத்தில்தான் ரைட்டர் அச்சு அசலாக இராயப்பராக இருந்தார். சாமியார் விடவில்லை.

பூசை முடிந்து, கோயிலுக்குப் பின்னால் குழாயடியில் ரைட்டர் தவித்துக்கொண்டிருந்தார். இடுப்புப் பிடிப்பில் குனிந்து செம்மண்ணைக் கழுவ முடியவில்லை. செல்லப்பன் மக்கில் தண்ணீர் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் குத்தவைத்தான்.

“வெரலுக்கு எடையில நல்லா ஊத்துடா யூதாசு.”

“ஊத்தறனுங்க ரைட்டரய்யா. காலச் சித்தெ தூக்குங்க.”

அவருக்குப் பின்னால் மற்றப் பத்துச் சீடர்களும் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.